ரத்தப் புற்றுநோயில் எம்.ஆர்.டி பரிசோதனை: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து சிகிச்சைக்குப் போகும் குடும்பங்களுக்கு

முதல் மாதக் கீமோ முடிந்ததும் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிட்டு “ரெமிஷன் வந்திருக்கு” என்று சொல்லும் டாக்டர், அடுத்த மூச்சில் “எம்.ஆர்.டி ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் முடிவு பண்ணலாம்” என்பார். நோய் போய்விட்டது என்றால் இன்னும் எதைத் தேடுகிறார்கள் என்று குடும்பம் குழம்புவது இந்த இடத்தில்தான்.

லுக்கேமியா கண்டுபிடிக்கப்படும் நாளில் உடம்பில் ஏறத்தாழ லட்சம் கோடி நோய்ச்செல்கள் இருக்கும். சிகிச்சைக்குப் பிறகு மஜ்ஜையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, 100 செல்லில் பிளாஸ்ட் எனப்படும் முதிராத செல்கள் 5-க்கும் குறைவாக இருந்தால், ரத்த எண்ணிக்கையும் மீண்டிருந்தால், அதை ரெமிஷன் என்கிறார்கள். அந்த நிலையிலும் ஆயிரம் கோடி வரை நோய்ச்செல்கள் உள்ளே இருக்கலாம்; சில ஆயிரம் மட்டுமே இருக்கலாம். இரண்டும் மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரிதான் தெரியும். முதல் வகை நோயாளிக்கு நோய் திரும்பும் ஆபத்து அதிகம், இரண்டாம் வகைக்குக் குறைவு. அந்த மிச்சத்தை எண்ணிச் சொல்வதுதான் எம்.ஆர்.டி. ஃப்ளோ சைட்டோமெட்ரி முறையில் 10,000 செல்லுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு நோய்ச்செல்லைப் பிடிக்கலாம். நல்ல சாம்பிளும் தேர்ந்த லேபும் அமைந்தால் ஒரு லட்சத்தில் ஒன்றைக்கூட. நோயின் மரபணுத் துண்டைப் பெருக்கித் தேடும் பி.சி.ஆர் முறையும் ஏறக்குறைய அதே அளவு நுட்பமானது. என்.ஜி.எஸ் எனப்படும் மரபணு வரிசை முறை பத்து லட்சத்தில் ஒன்று வரை இறங்கும். செலவும் அதற்கேற்ப ஏறும்.

இவ்வளவு நுட்பமான பரிசோதனை வீணாவது பெரும்பாலும் இயந்திரத்தால் அல்ல. சாம்பிள் லேபுக்குள் நுழையும் முன்பே அது வீணாகிவிடுகிறது. எந்த நாளில் எடுத்தார்கள், எத்தனையாவது இழுப்பில் எடுத்தார்கள், எந்தக் குழாயில் போட்டார்கள், எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்தது, முதல் நாள் ரிப்போர்ட் கையில் இருக்கிறதா என்பவைதான் ரிப்போர்ட்டின் மதிப்பைத் தீர்மானிக்கின்றன. அஞ்செட்டியிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ நெடுந்தொலைவு பயணம் செய்யும் குடும்பம் இந்த ஐந்தையும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

முதல் நாளிலேயே தொடங்குகிறது

நோய்ச்செல்லை அடையாளம் காண அதன் அங்க அடையாளம் முன்கூட்டியே தெரிய வேண்டும். ஃப்ளோ முறையில் செல்லின் மேல்பரப்பில் உள்ள சி.டி19, சி.டி10, சி.டி34, சி.டி38 போன்ற குறிகள் எவ்வளவு அடர்த்தியாக, எந்தச் சேர்க்கையில் இருக்கின்றன என்று பார்க்கிறார்கள். நோய் கண்டறியும் நாளில் பதிவான சேர்க்கைதான் பிறகு தேடுவதற்கான அடிப்படை. அது இல்லாமலும் தேர்ந்த லேப் தேடிப் பார்க்கும். ஆனால் கீமோவுக்குப் பின் மஜ்ஜை மீண்டு வரும்போது, ஹெமட்டோகோன் எனப்படும் ஆரோக்கியமான இளம் பி செல்கள் பெருகும். அவை பார்வைக்கு நோய்ச்செல்போலவே இருக்கும். முதல் நாள் அடையாளம் இல்லையென்றால் இரண்டையும் பிரிப்பது கடினம்.

இங்கே ஊர்ப்பக்கத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு கேடு இருக்கிறது. குழந்தைக்கு விடாத காய்ச்சல், கை கால் வலி, கழுத்தில் கட்டி. பக்கத்து கிளினிக்கில் டெக்ஸாமெத்தசோன் ஊசியோ பிரெட்னிசலோன் மாத்திரையோ கொடுக்கிறார்கள். காய்ச்சல் இறங்குகிறது, கட்டி வடிகிறது, குழந்தை ஓடியாடுகிறது. லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா எனப்படும் ஏ.எல்.எல் நோய்க்கு ஸ்டீராய்டே முதல் மருந்து என்பதால் நோய்ச்செல்கள் தற்காலிகமாகக் கரைகின்றன. பத்து நாள் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் நோயைக் கண்டுபிடிப்பதே சிக்கலாகிறது. முதல் நாள் அடையாளமும் கலங்கிப்போகிறது. மருந்துக்கு நோய் எப்படி மசிகிறது என்ற கணக்கும் தப்புகிறது. காரணம் தெரியாத காய்ச்சலோடு ரத்தசோகை, உடம்பில் ரத்தப் புள்ளிகள், நெறிகட்டு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் ஸ்டீராய்டுக்கு முன் ஒரு முழு ரத்த எண்ணிக்கையும் ரத்தப் பூச்சும் பார்த்தே ஆகவேண்டும். இரண்டும் தாலுகா ஆஸ்பத்திரியிலேயே செய்யக்கூடியவை. ஏற்கெனவே ஸ்டீராய்டு கொடுத்திருந்தால், எந்த மருந்து, எத்தனை நாள் என்று சீட்டோடு புற்றுநோய் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்தால் குழந்தைக்குத்தான் நஷ்டம்.

வெள்ளணுக்கள் மிக அதிகமாக இருந்து ரத்தத்திலேயே பிளாஸ்ட் செல்கள் நிறைந்திருந்தால், முதல் நாள் ஃப்ளோ பரிசோதனையைக் கை ரத்தத்திலேயே செய்யலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, 2022-இல் தொடங்கிய கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலோ சந்தேகம் எழுந்து வெளியூருக்கு அனுப்பும்போது, எடுத்த ரத்தப் பூச்சுக் கண்ணாடிகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த நோய்க்கு எப்போது

குழந்தைகளின் ஏ.எல்.எல் நோயில்தான் எம்.ஆர்.டி-க்கு மிக உறுதியான இடம். இன்டக்‌ஷன் என்னும் முதல் கட்டக் கீமோவின் முடிவில், சிகிச்சைத் திட்டத்தைப் பொறுத்து 29 முதல் 35-ஆம் நாள் வாக்கில் மஜ்ஜை எடுக்கிறார்கள். 0.01 சதவீதம், அதாவது பத்தாயிரத்தில் ஒன்று என்பதே கோடு. இந்தியக் குழந்தைகளுக்காக வகுக்கப்பட்ட ஐசிக்கிள் ஏ.எல்.எல் 14 சிகிச்சைத் திட்டமும் இன்டக்‌ஷன் முடிவு எம்.ஆர்.டி-யை வைத்து ஆபத்துப் பிரிவை மாற்றுகிறது. இந்த முடிவு இரண்டு பக்கமும் வெட்டும். கோட்டுக்கு மேலே இருந்தால் கீமோவைக் கடுமையாக்குவார்கள்; தொடர்ந்து மேலேயே நின்றால் மஜ்ஜை மாற்று சிகிச்சையோ இம்யூனோதெரபியோ பேச்சுக்கு வரும். பிளினாட்டுமோமாப் என்னும் இம்யூனோதெரபி மருந்துக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2018 மார்ச்சில் அளித்த அனுமதி, ரெமிஷனில் இருந்தும் எம்.ஆர்.டி 0.1 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கானது. கோட்டுக்குக் கீழே இருந்தால், குழந்தைக்குத் தேவையற்ற கீமோவைத் தவிர்க்கலாம். பிரிட்டனின் யூ.கே.ஏ.எல்.எல் 2003 ஆய்வு இதைக் காட்டியது: எம்.ஆர்.டி குறைந்த குழந்தைகளுக்கு ஒரு கட்டத் தீவிரக் கீமோவைக் குறைத்தும் நோய் திரும்புவது அதிகரிக்கவில்லை. ஆகவே இதை ஏதோ கூடுதல் டெஸ்ட் என்று ஒதுக்கக் கூடாது. கையில் இருக்கும் பணத்தில் ஒரே ஒரு விலையுயர்ந்த பரிசோதனைதான் முடியும் என்றால், ஏ.எல்.எல் குழந்தைக்கு இன்டக்‌ஷன் முடிவு எம்.ஆர்.டி-யை விட்டுவிடக் கூடாது என்பதே என் கருத்து.

நாள் தவறுவது இதில் பெரிய பிழை. ஊரில் திருவிழா, வீட்டில் விசேஷம் என்று இரண்டு வாரம் தள்ளினாலோ, அடுத்த கட்டக் கீமோவைத் தொடங்கிய பிறகு சாம்பிள் கொடுத்தாலோ, 0.01 என்ற கோடு செல்லாது. அது அந்தக் குறிப்பிட்ட நாளுக்காகச் சரிபார்க்கப்பட்ட கோடு. ரத்த எண்ணிக்கை மீளவில்லை என்று டாக்டரே சில நாள் தள்ளுவது வேறு.

தீவிர மைலாய்டு லுக்கேமியா எனப்படும் ஏ.எம்.எல் நோயில், என்.பி.எம்1 மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு இரண்டு சுற்றுக் கீமோவுக்குப் பின் ரத்தத்தில் பி.சி.ஆர் முறையில் பார்ப்பது நல்ல வழிகாட்டி. மற்றவர்களுக்கு ஃப்ளோ, அதில் கோடு 0.1 சதவீதம். ஏ.பி.எல் என்னும் உட்பிரிவில் முதல் கட்டம் முடிந்த உடனே அதன் நோய் மரபணுவான பி.எம்.எல்-ராராவை பி.சி.ஆர் முறையில் பார்த்தால் பாசிட்டிவ் என்றே வரக்கூடும், அதற்குப் பொருள் இல்லை. கன்சாலிடேஷன் என்னும் அடுத்த கட்டக் கீமோ முடிந்த பிறகு வரும் முடிவுதான் கணக்கு. மைலோமா என்னும் மஜ்ஜைப் புற்றுநோயில் முழு ரெமிஷன் வந்தபின் லட்சத்தில் ஒன்று என்ற அளவில் பார்க்கிறார்கள்; ஆனால் இன்று அன்றாட சிகிச்சையில் அது மருந்தை மாற்றும் சந்தர்ப்பம் குறைவு. பணம் குறைவென்றால் நோய்ப் புரதத்தை அளக்கும் புரத எலக்ட்ரோபோரசிஸ், லைட் செயின் போன்ற பரிசோதனைகளுக்கு முதலிடம் கொடுப்பது நியாயம்.

ஊசி போடும் மேசையில்

மஜ்ஜை எடுக்கும்போது முதலில் உறிஞ்சும் 2, 3 மில்லியில்தான் மஜ்ஜைச் செல்கள் அடர்த்தியாக இருக்கும். அதன்பின் அதே இடத்திலிருந்து இழுக்க இழுக்கச் சுற்றியுள்ள ரத்தம் கலந்து வரும். வழக்கத்தில் முதல் இழுப்பு கண்ணாடிப் பூச்சுக்கும், அடுத்தது குரோமோசோம் பரிசோதனைக்கும் போய், கடைசியில் எம்.ஆர்.டி குழாய்க்கு நீர்த்த சாம்பிள் சேர்ந்துவிடுகிறது. மஜ்ஜையில் 0.03 சதவீதம் இருந்த நோய், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ரத்தம் கலந்ததால் 0.01-க்குக் கீழே இறங்கி “நெகட்டிவ்” ஆகிவிடலாம். பூச்சுக்குச் சில சொட்டுகள் போதும். மிச்ச முதல் இழுப்பு எம்.ஆர்.டி-க்கு வேண்டும். மற்றவற்றுக்கு ஊசியைச் சற்று நகர்த்திப் புதிதாக இழுக்கலாம். “சார், எம்.ஆர்.டி-க்கு ஃபர்ஸ்ட் புல் எடுத்துடுவீங்களா?” என்று முன்கூட்டியே பணிவாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

குழாய் விஷயம் எளிது, ஆனால் பிழை அடிக்கடி நடக்கிறது. பி.சி.ஆர் என்றால் ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ குழாய் மட்டுமே. பச்சை மூடி ஹெப்பாரின் குழாய் பி.சி.ஆர் வினையையே தடுக்கும். ஃப்ளோவுக்கு இரண்டும் ஆகும் என்றாலும் லேப் எதைக் கேட்கிறதோ அதையே கொடுங்கள். எடுத்தவுடன் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும்; குலுக்கக் கூடாது. உறைந்துபோன சாம்பிள் பயனற்றது, ஏனென்றால் நோய்ச்செல்கள் அந்தக் கட்டிக்குள்ளேயே சிக்கிவிடும்.

மஜ்ஜை ஊசி வலிக்கும், பதிலாகக் கை ரத்தத்தில் பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். டி செல் ஏ.எல்.எல் நோயில் ரத்த அளவும் மஜ்ஜை அளவும் ஓரளவு ஒத்துப்போகும். பி செல் ஏ.எல்.எல் நோயில் ரத்தத்தில் நோய்ச்செல் மஜ்ஜையைவிடப் பத்து முதல் ஆயிரம் மடங்கு வரை குறைவாக இருக்கலாம். ஆகவே அங்கே மாற்று கிடையாது. குழந்தைக்கு மயக்கம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். முதுகுத் தண்டில் மருந்து செலுத்தும் நாளிலேயே இதையும் சேர்த்துச் செய்தால் ஒரே மயக்கத்தில் முடியும்.

சாம்பிளோடு போகும் படிவத்தில் எழுத வேண்டியவை: நோயின் உட்பிரிவு, கீமோவின் எத்தனையாவது நாள், முதல் நாள் ஃப்ளோ ரிப்போர்ட்டின் நகல், அண்மையில் வெள்ளணு ஊசியான ஜி.சி.எஸ்.எஃப் போட்டார்களா என்ற விவரம். பிளினாட்டுமோமாப் கொடுத்திருந்தால் அதைக் கட்டாயம் எழுத வேண்டும். அது சி.டி19 குறியைத் தாக்கும் மருந்து. சிகிச்சைக்குப் பின் நோய்ச்செல் அந்தக் குறியை உதிர்த்துவிட்டு நிற்கக்கூடும். லேபுக்குத் தெரியாமல் சி.டி19-ஐ வைத்தே தேடினால் நோய் கண்ணில் படாது. மைலோமாவில் டாராட்டுமுமாப் மருந்து சி.டி38-ஐ மறைப்பதும் இதே கதைதான்.

சாம்பிளின் பயணம்

சிகிச்சை நடக்கும் ஊரிலேயே லேபும் இருந்தால் இந்தப் பகுதியின் கவலை பாதி தீர்ந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர். அங்கே கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது. ஓசூர்க்காரர்களுக்கு அது இன்னும் பக்கம். ஊத்தங்கரை, அரூர்க்காரர்கள் பலர் திருப்பத்தூர் வழியாக வேலூர் சி.எம்.சி-க்குப் போகிறார்கள், 1986-லேயே மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கிய இடம் அது. தருமபுரிக்காரர்களுக்குச் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி 65 கிலோமீட்டர். சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அரசு மருத்துவமனைகளும் உள்ளன. எங்கே சேர்ந்தாலும் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: எம்.ஆர்.டி இங்கேயே செய்கிறீர்களா, வெளியே அனுப்புகிறீர்களா?

வெளியே அனுப்புவதானால் கடிகாரத்தைப் பாருங்கள். ஃப்ளோ சாம்பிள் 24 மணி நேரத்துக்குள் லேபைச் சேர்வது நல்லது, 48-க்குள் சேர்ந்தே ஆக வேண்டும். நேரம் போகப் போகச் செல்கள் செத்துக் குறிகள் மங்கும். சாதாரண அறை வெப்பம், 18 முதல் 25 டிகிரி, போதும். ஐஸின் மேல் நேரடியாக வைக்கவும் கூடாது, உறைய வைக்கவும் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் தருமபுரி வெயிலில் பஸ்ஸின் சாமான் அறைக்குள் வைத்து அனுப்பிய குழாய், போய்ச் சேரும்போது வெந்துபோயிருக்கும். தெர்மாகோல் பெட்டியில், துணியால் சுற்றிய குளிர்பொதியைக் குழாயில் படாமல் வைத்து, கையோடு எடுத்துப்போவதே மேல். திங்கள் முதல் புதன் வரை எடுத்தால் பாதுகாப்பு. வெள்ளி மாலை எடுத்தது ஞாயிறு முழுக்கக் கூரியர் அலுவலகத்தில் தூங்கும். தனியார் லேப்களின் சேகரிப்பு மையங்கள் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் இருக்கின்றன. ஆனால் சாம்பிளை எந்த ஊர் லேபுக்கு, எத்தனை மணிக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்காமல் குழாயைக் கொடுக்காதீர்கள்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது

“எம்.ஆர்.டி நெகட்டிவ்” என்ற இரண்டு சொல்லைப் பார்த்து மகிழ்வதற்கு முன் இன்னொரு எண்ணைத் தேடுங்கள்: எத்தனை செல்களைப் படித்தார்கள். ஒரு ரிப்போர்ட்டில் 12 லட்சம் செல்களைப் படித்து 240 நோய்ச்செல்களைக் கண்டிருந்தால் 0.02 சதவீதம், கோட்டுக்கு மேல், நம்பத்தக்க முடிவு. இன்னொன்றில் 80,000 செல்களை மட்டும் படித்து “காணப்படவில்லை” என்று எழுதியிருந்தால்? 0.01 சதவீத நோய் இருந்தாலும் அந்த 80,000-இல் 8 செல்தான் வரும். ஒரு கூட்டம் என்று நம்பிச் சொல்லக் குறைந்தது 20 செல்லாவது வேண்டும். ஆக அந்த ரிப்போர்ட் நோய் இல்லை என்று சொல்லவில்லை. பார்க்கப் போதிய செல் இல்லை என்றுதான் சொல்கிறது. 5 லட்சத்துக்குக் குறைவான செல்களைப் படித்த நெகட்டிவ் ரிப்போர்ட்டை டாக்டரிடம் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். ரத்தம் கலந்த சாம்பிள், ஹீமோடைல்யூட் என்று குறிப்பு இருந்தாலும் அப்படியே.

நல்ல நெகட்டிவ் ரிப்போர்ட்டும் சிகிச்சை முடிந்ததற்கான சான்றிதழ் அல்ல. மூளைத் தண்டுவட நீரிலோ ஆண் குழந்தையின் விதைப்பையிலோ இருக்கும் நோயை மஜ்ஜை காட்டாது. இரண்டு, மூன்று ஆண்டு மாத்திரைக் காலத்தை நடுவில் நிறுத்துகிறவர்களில் பலர் “டெஸ்டில் ஒன்றுமில்லை என்றார்களே” என்பதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது.

பணமும் காகிதமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றும் வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், கீமோ ஒரு தொகுப்பாக அனுமதிக்கப்படும், எம்.ஆர்.டி வெளி லேபில் செய்யப்படும்போது அதன் பில் குடும்பத்தின் கைக்கு வந்துவிடும். ஆகவே இன்டக்‌ஷன் தொடங்கிய வாரத்திலேயே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுத் தொடர்பு அலுவலரிடம், 30-ஆம் நாள் வாக்கில் வரும் எம்.ஆர்.டி எந்தக் கணக்கில் போகும் என்று கேளுங்கள். கடைசி நாளில் கேட்டால் பணம் புரட்டும் நேரத்தில் நாள் தவறிப்போகும். ஃப்ளோ எம்.ஆர்.டி ஆயிரங்களில் முடியும் செலவு. டாக்டர் எழுதாமல் என்.ஜி.எஸ் பக்கம் போகத் தேவையில்லை.

பெங்களூருக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: கர்நாடக அரசின் சலுகைகள் அம்மாநிலக் குடும்ப அட்டைக்கானவை. நம் அட்டைக்கு அங்கே என்ன செல்லும் என்பதைச் சேரும் முன்பே கேட்டு முடிவெடுங்கள். கித்வாய், அடையாறு போன்ற மண்டலப் புற்றுநோய் மையங்களில் ஏழை நோயாளிகளுக்காக மத்திய சுகாதார அமைச்சரின் புற்றுநோய் நிதி உண்டு. சமூகப் பணியாளரிடம் கேட்டால் படிவம் கிடைக்கும். பிரதமர் நிவாரண நிதிக்கும் ஆஸ்பத்திரியின் செலவு மதிப்பீட்டோடு விண்ணப்பிக்கலாம்.

ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி-யிலும் கட்டணமே இல்லை. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரி டாக்டர் கையெழுத்திட்ட சலுகைப் படிவம் வேண்டும். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் இல்லாததால் ஓசூர், தருமபுரி, மொரப்பூர், சாமல்பட்டி, ஜோலார்பேட்டை இவற்றில் எது பக்கமோ அங்கே ஏற வேண்டும். வேலூர், சென்னைக்கு மொரப்பூர் நல்ல வசதி.

சி.எம்.எல்: ஊரிலிருந்தே பார்த்துக்கொள்ளக்கூடியது

நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியாவான சி.எம்.எல் நோய்க்குத் தினமும் இமாட்டினிப் மாத்திரை சாப்பிடுபவருக்கு மஜ்ஜை தேவையில்லை, கை ரத்தமே போதும். பி.சி.ஆர்-ஏ.பி.எல் (BCR-ABL; பி.சி.ஆர் பரிசோதனை முறை அல்ல) என்னும் நோய் மரபணுவின் அளவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். 3 மாதத்தில் 10 சதவீதத்துக்குள், 6 மாதத்தில் 1-க்குள், 12 மாதத்தில் 0.1-க்குள் வரவேண்டும். ரிப்போர்ட்டில் சர்வதேச அளவுகோல் என்று பொருள்படும் ஐ.எஸ் என்ற எழுத்துகள் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாத இரு லேப்களின் எண்களை ஒப்பிட்டு நோய் ஏறிவிட்டது, இறங்கிவிட்டது என்று பேசவே முடியாது. முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள்.

இதிலும் முதல் நாள் ரிப்போர்ட்தான் உயிர்நாடி. பெரும்பாலோருக்கு நோய் மரபணு பி210 வகை. சிலருக்கு, குறிப்பாக இதே மரபணு உள்ள ஃபிலடெல்ஃபியா பாசிட்டிவ் ஏ.எல்.எல் நோயாளிகளில் பலருக்கு, பி190 வகை. பி190 நோயாளிக்குத் தெரியாமல் பி210 பரிசோதனை எழுதினால், உடம்பு முழுக்க நோய் இருந்தாலும் “காணப்படவில்லை” என்றே வரும். எந்த வகை என்பதை மாத்திரை அட்டையின் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காசநோய்ச் சளிப் பரிசோதனைக்காக மாவட்டம்தோறும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவிகள் இருப்பதைப் பலரும் அறிவார்கள். அதே இனக் கருவியில் பி.சி.ஆர்-ஏ.பி.எல் அளவிடும் கார்ட்ரிஜும் உண்டு. ஊதா மூடிக் குழாயில் 4 மில்லி ரத்தம், சுமார் இரண்டரை மணி நேரம். மாவட்டத்தில் உள்ளவை காசநோய்த் திட்டத்துக்கானவை என்பதால் நாமாகப் போய்க் கேட்டுச் செய்துகொள்ள முடியாது. ஆனால் பெரிய ஊருக்குப் போகாமல் இந்தப் பரிசோதனையை மாவட்டத் தலைநகரிலேயே தருவதற்குத் தொழில்நுட்பம் ஒரு தடையே இல்லை. இரு மருத்துவக் கல்லூரிகளும் இதைக் கேட்டு வாங்கினால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு நாள் கூலியை இழந்து பெங்களூருக்கும் சேலத்துக்கும் அலையும் நோயாளிகள் தவறாமல் பரிசோதித்துக்கொள்வார்கள்.

அளவு 0.01-க்குக் கீழே இறங்கிவிட்டதென்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. குறைந்தது மூன்று ஆண்டுக்கு மேல் மாத்திரை எடுத்து, அந்த ஆழமான நிலை இரண்டு ஆண்டுக்கு மேல் குலையாமல் நின்றவர்களுக்குத்தான் டாக்டர் நிறுத்திப் பார்ப்பார். நிறுத்திய முதல் ஆறு மாதம் மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும். நோய் திரும்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் காலத்துக்குள்தான் திரும்புகிறது, அப்போதே மாத்திரையை மீண்டும் தொடங்கினால் அளவு பழையபடி இறங்கிவிடும். மாதாமாதம் பரிசோதிக்க வழியில்லாத ஊரில் இருப்பவர் நிறுத்தாமல் தொடர்வதே பாதுகாப்பு.